எழுத்தில்லாக் கரை என்றொரு பொய்

கிழக்கு ஆப்பிரிக்காவைப் பற்றிய பயண நூலையோ பொது அறிவுப் புத்தகத்தையோ புரட்டினால் சுவாஹிலி மொழிக்கு ஒரு குட்டி வரலாறு எழுதியிருப்பார்கள். ஏறக்குறைய எல்லா இடத்திலும் அது ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். அரபு வணிகர்கள் கடல் கடந்து வந்தார்கள். கரையோர மக்களோடு கலந்தார்கள். அந்தக் கலப்பில் ஒரு சந்தைப் பேச்சு பிறந்தது. கொஞ்ச காலம் அதை அரபு எழுத்தில் எழுதிப் பார்த்தார்கள். அந்த எழுத்து மொழிக்குப் பொருந்தவில்லை. பிறகு ஐரோப்பியப் பாதிரிமார்கள் ரோமன் எழுத்தோடு வந்தார்கள். அதன்பின்தான் மொழி ஏடேறியது.

இன்று சுவாஹிலி இருபது கோடிப் பேர் பேசும் மொழி என்று யுனெஸ்கோ சொல்கிறது. 2021-இல் ஜூலை 7-ஐ உலக சுவாஹிலி மொழி நாளாகவும் அறிவித்துவிட்டது. மொழியின் பெருமை ஏற ஏற இந்தக் குட்டி வரலாறும் அதோடு சேர்ந்து பரவுகிறது. இதன் முக்கியமான கூற்றுகள் எல்லாம் பிழை. அதிலும் ‘எழுத்து பொருந்தவில்லை’ என்ற வாக்கியம், ஒரு நோக்கத்துக்காகப் பரப்பப்பட்டு, நோக்கம் நிறைவேறியபின் வரலாறாகவே மாறிவிட்ட பிழை. அதைத்தான் இங்கே முதன்மையாக மறுக்கிறேன்.

ஆண்டுகளிலிருந்து தொடங்குவோம். லுட்விக் கிராப்ஃப் என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1844-இல் மொம்பாசாவில் இறங்கினார். அவர் எழுதிய சுவாஹிலி இலக்கணம் 1850-இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் அச்சானது. ஐரோப்பியர் செய்த முதல் சுவாஹிலி இலக்கணம் அதுதான். ஆனால் நம் நாட்டில், கோவாவின் வரலாற்று ஆவணக் காப்பகத்தில், 1711-ஆம் ஆண்டுக் கடிதங்கள் இருக்கின்றன. இன்றைய டான்சானியக் கரையிலுள்ள கில்வா தீவிலிருந்து அனுப்பப்பட்டவை. அரபு எழுத்தில் எழுதப்பட்ட சுவாஹிலி. மொசாம்பிக்கிலிருந்த போர்ச்சுகீசியருக்கும் அவர்களின் உள்ளூர்க் கூட்டாளிகளுக்கும் போனவை. போர்ச்சுகீசியரின் கீழைநாட்டுத் தலைமையிடம் கோவா என்பதால் அங்கே வந்து சேர்ந்து தங்கிவிட்டன. கிராப்ஃபின் இலக்கணத்துக்கு ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டு முந்தியவை.

இவை கடிதங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு மொழியில் செய்யுள் எழுதிவைப்பது வேறு, கடிதம் எழுதுவது வேறு. செய்யுளை எழுதியவரே பாடிக் காட்டலாம். கேட்டவர் மனப்பாடமாக வைத்திருக்கலாம். ஏடு நினைவுக்குத் துணையாக இருந்தால் போதும். கடிதத்துக்கு அந்த வசதி இல்லை. எழுதியவர் ஓரிடத்தில் இருக்க, பல நாள் கடற்பயணத்துக்கு அப்பால் இன்னொருவர் அதைப் பிரித்து, முன்பின் கேட்டிராத செய்தியை அதிலிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும். வாசிக்க முடியாத எழுத்தில் யாரும் அரசியல் கடிதம் அனுப்புவதில்லை. 1711-இல் கில்வாவில் எழுதவும் மறுமுனையில் படிக்கவும் ஆட்கள் இருந்தார்கள் என்றால், அந்தப் பழக்கம் அந்த ஆண்டில் தொடங்கியதாக இருக்க முடியாது.

இலக்கியத்துக்கும் குறைவில்லை. கென்யாவின் வடகரையில் லாமு தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த பாத்தே தீவில் 1728-இல் முவெங்கோ பின் அத்மான் என்ற புலவர் ‘உத்தெண்டி வா தம்புக்கா’ என்ற காவியத்தை எழுதினார். நபிகளின் தபூக் படையெடுப்பையும் பைசாந்தியப் பேரரசர் ஹெராக்ளியஸையும் பற்றியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்கள். ஒவ்வொரு செய்யுளிலும் எட்டசை கொண்ட நான்கு அடி. முதல் மூன்றும் தமக்குள் இயைய, நான்காம் அடியின் இயைபு காவியம் முழுக்க மாறாமல் ஓடும். இப்படி ஒரு யாப்பு ஒரே தலைமுறையில் முளைப்பதில்லை. அதே தீவின் செல்வமும் வீழ்ச்சியும் சையத் அப்துல்லா பின் அலி பின் நாசிரின் ‘அல் இன்கிஷாஃபி’யில் பதிந்திருக்கின்றன. மொம்பாசாவில் முயாக்கா பின் ஹாஜி (1776–1840) அரசியலையும் காதலையும் கடன்காரனையும் பாட்டாக்கினார். 1858-இல் முவானா குப்போனா என்ற பெண், நோயுற்ற நிலையில், தன் மகளுக்காக ஒரு நீண்ட அறிவுரைப் பாட்டை எழுதினார். சுவாஹிலி இலக்கியத்தில் இன்றுவரை மிகுதியாகப் படிக்கப்படும் பழைய செய்யுள் அதுவாகத்தான் இருக்கும். இவை யாவும் அரபு எழுத்தில் எழுதிப் படியெடுக்கப்பட்டவை. ‘அதன்பின்தான் மொழி ஏடேறியது’ என்று எழுதுகிறவர்கள் இவற்றை எந்தக் கணக்கில் வைக்கிறார்கள்?

ஏடுகள் இருந்தன, சரி, ஆனாலும் எழுத்து பொருந்தவில்லையே என்று அடுத்த படிக்கு இறங்குவார்கள். இந்த வாதத்தில் சில உண்மைகள் இருக்கின்றன. அவற்றை மறைக்க நான் விரும்பவில்லை. சுவாஹிலியில் அ, எ, இ, ஒ, உ என ஐந்து உயிர்கள். அரபு எழுத்தில் உயிரொலி காட்ட இருப்பவை, நம் ஊர் மதரஸாக்களில் ஸபர், ஸேர், பேஷ் என்று சொல்லிக்கொடுக்கும் மூன்று குறிகள். ஆகவே எகரமும் இகரமும் ஒரே குறியில் போய் விழும்; ஒகரமும் உகரமும் அப்படியே. ப, வ, க என்பவற்றின் சில ஒலிகளுக்கும் வல்லோசைச் சகரத்துக்கும் அரபில் தனி எழுத்து இல்லை. ம்ப, ந்த என்று மெல்லொற்றோடு தொடங்கும் சொற்கள் சுவாஹிலியில் ஏராளம். பழைய ஏடுகளில் பல இடங்களில் அந்த மெல்லொற்றை எழுதாமலே விட்டிருப்பார்கள். சொல் முன்பே தெரிந்தவருக்குத்தான் அதை வாசிக்க முடியும் என்று ஐரோப்பியர் குறைபட்டார்கள்.

இந்தக் குறையைத் தமிழர் கேட்டுத் தலையாட்டுவது எனக்கு வேதனையாக இருக்கிறது. ஏனென்றால் நம் ஓலைச்சுவடிகளில் இருந்த நிலையும் இதுவேதான். சுவடியில் புள்ளி இடுவதில்லை. ‘க்’ என்பதும் ‘க’ என்பதும் ஒன்றுபோல் இருக்கும். எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்று எழுத்து சொல்லாது. இடம் பார்த்து, யாப்பு பார்த்து, பொருள் பார்த்து வாசிப்பவர்தான் முடிவுசெய்ய வேண்டும். காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு தெரியாது. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது இப்படிப்பட்ட ஏடுகளைப் பார்த்துத்தான். தமிழ் எழுத்து தமிழுக்குப் பொருந்தவில்லை என்று அதனால் யாராவது தீர்ப்புச் சொன்னார்களா? குறையைத் திருத்திக்கொண்டோம். எகர ஏகார வரிவடிவத் திருத்தத்தை வீரமாமுனிவர் செய்ததாகச் சொல்கிறோம். அச்சு வந்தபின் புள்ளி நிலைத்தது. இன்றும் பகலுக்கும் கடலுக்கும் ஒரே ககரத்தை எழுதி வேறு வேறாக ஒலிக்கிறோம். ஒரு குழந்தையும் தடுமாறுவதில்லை. மொழி தெரிந்தவருக்காகவே எழுத்து. மொழி தெரியாத அந்நியர் முதல்நாளே பிழையின்றி ஒலிக்க வேண்டும் என்பது எந்த எழுத்துக்கும் உலகம் வைக்காத தேர்வு. சுவாஹிலிக்கு மட்டும் அதை வைத்தார்கள்.

திருத்தும் வேலையைச் சுவாஹிலி மக்களும் செய்யாமல் இல்லை. பாரசீகர்கள் புள்ளிகளையும் கோடுகளையும் கூட்டித் தங்கள் ஒலிகளுக்கு எழுத்துச் செய்துகொண்டார்கள். மலாய்க்காரர்களின் ஜாவி எழுத்து அப்படித்தான் உருவானது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் வழங்கிய அரபுத்தமிழும் அதே வழியில்தான் ளகர ழகரங்களுக்குக்கூட இடம் கண்டது. இந்தியப் பெருங்கடலின் கரைகள் எல்லாம் அறிந்த தொழில்நுட்பம் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மொம்பாசாவில் முவாலிமு சிகுஜுவா என்ற அறிஞர் முயாக்காவின் பாடல்களைத் தேடித் திரட்டினார். டபிள்யூ. ஈ. டெய்லர் என்ற ஆங்கிலப் பாதிரியார் அவரோடு சேர்ந்து உழைத்தார். அந்தக் கூட்டுழைப்பில் உருவான படிகளில் இகரக் குறியைச் சற்றே மாற்றி எகரத்துக்கும், உகரக் குறியைச் சற்றே மாற்றி ஒகரத்துக்கும் வழிசெய்தார்கள். பாரசீகத்தின் கூடுதல் எழுத்துகளை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த தலைமுறையில் மொம்பாசாவின் ஷேக் அல் அமீன் பின் அலி மஸ்ரூயி (1891–1947) அந்த முயற்சியைத் தொடர்ந்தார். கென்யாவின் தலைமைக் காதியாக இருந்தவர், இதழ் நடத்தியவர், அரசியல் அறிஞர் அலி மஸ்ரூயியின் தந்தை. அவருக்கும் பிறகு மொம்பாசாவின் யஹ்யா அலி ஓமர், பி. ஜே. எல். ஃபிராங்கல் என்பவரோடு சேர்ந்து முழுமையான ஒரு முறையை 1997-இல் வெளியிட்டார். ஐந்து உயிருக்கும் குறி, எல்லா மெய்க்கும் எழுத்து. பொருந்தாது என்ற பேச்சு தொழில்நுட்ப அளவில் அங்கேயே முடிந்துவிட்டது.

பழைய எழுத்தர்களையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. சுவாஹிலியில் அழுத்தம் ஏறக்குறைய எப்போதும் ஈற்றயல் அசையில் விழும். அந்த அசையை அலிஃப், யா, வாவ் என்ற நெடில் எழுத்துகளால் எழுதிக் காட்டும் பழக்கம் ஏடுகளில் பரவலாக உண்டு. அரபில் நெடிலைக் குறிக்கும் எழுத்தை எடுத்துத் தம் மொழியின் அழுத்தத்தைக் குறிக்க வைத்தார்கள். தன் மொழியின் ஓசையைக் கூர்ந்து கேட்டவர்கள்தான் இப்படிச் செய்வார்கள்.

எதிர்ப்பக்கத்தையும் அளந்து பார்ப்போம். ரோமன் எழுத்து சுவாஹிலிக்குக் கச்சிதமாகப் பொருந்தியதா? மொம்பாசாவின் கிம்விட்டா வழக்கில் மூச்சு சேர்ந்த பகரமும் சேராத பகரமும் வேறு வேறு ஒலிகள். மூச்சில்லாமல் ‘பா’ என்றால் கூரை. மூச்சோடு சொன்னால் மான். அப்படியே ‘கா’ என்பது ஒருவிதமாகக் கரித்துண்டு, இன்னொருவிதமாக நண்டு. பல்லில் நா தொடும் தகரமும் மேலண்ணத்தை நோக்கி நா எழும் டகரமும் அங்கே வேறு வேறு. இன்று பள்ளிகளில் வழங்கும் ரோமன் சுவாஹிலி இவற்றில் எதையும் காட்டாது. பசுவைக் குறிக்கும் ‘ஙோம்பே’ என்ற சொல்லின் முதல் ஒலிக்கு அதில் இரண்டு எழுத்தும் ஒரு மேற்குறியும் தேவைப்படுகின்றன. இந்தக் குறைகளோடு ரோமன் சுவாஹிலி நன்றாகத்தான் இயங்குகிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குறையோடு ஒன்று இயங்கலாம் என்றால் மற்றதும் இயங்கலாம்.

இன்னொரு கேள்வி. பொருந்தாத எழுத்தை ஆட்சியாளர்கள் ஏன் மெனக்கெட்டுக் கற்றார்கள்? ஜெர்மானியர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவைக் கைப்பற்றியபோது கரையில் ஏற்கெனவே ஓர் எழுத்து நிர்வாகத்துக்கு உதவும் நிலையில் நடமாடிக்கொண்டிருந்தது. 1890-இல் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கக் கம்பெனி வெளியிட்ட பேசா நாணயத்தின் ஒரு பக்கத்தில் அரபு எழுத்துப் பொறிப்பு இருக்கிறது. உள்ளூர் அதிகாரிகளான லிவாலிகளோடும் அக்கிடாக்களோடும் தொடக்கத்தில் நடந்த கடிதப் போக்குவரத்து அரபு எழுத்துச் சுவாஹிலியில்தான். பெர்லினில் கீழைமொழிகளைக் கற்பிக்க நிறுவிய கல்விக்கூடத்தில் சி. ஜி. புட்னர் 1892-இல் ஒரு பாடநூல் வெளியிட்டார்: அரபு எழுத்தில் எழுதப்பட்ட சுவாஹிலி ஆவணங்களின் தொகுப்பு. ஆப்பிரிக்காவுக்குப் போகிறவர்கள் இவற்றை வாசிக்கப் பழக வேண்டும் என்பதற்காகவே அது அச்சிடப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில், 1945-இல்கூட, ஜே. டபிள்யூ. டி. ஆலன் சுவாஹிலி மாணவர்களுக்காக அரபு எழுத்துக் கையேடு ஒன்றை எழுதினார். அதற்குள் இறந்துபோயிருக்க வேண்டிய எழுத்துக்கு எதற்குக் கையேடு?

அந்த எழுத்து மதநூல்களோடு நின்றதும் இல்லை. திப்பு திப் என்று அறியப்பட்ட ஹமீது பின் முஹம்மது, தந்தம் வாங்கவும் அடிமை பிடிக்கவும் காங்கோவின் உட்பகுதிவரை போன வணிகர். தன் வாழ்க்கை வரலாற்றை அரபு எழுத்துச் சுவாஹிலியில் எழுதினார். இன்று நாம் படிப்பது ஹைன்ரிக் புரோடே என்ற ஜெர்மானியர் ரோமனுக்கு மாற்றி வெளியிட்ட வடிவம். ஜெர்மானியர் கரையைப் பிடித்த கதையை ஹெமெதி பின் அப்துல்லா அல் புஹ்ரி அந்தக் காலத்திலேயே காவியமாகப் பாடினார்; அதுவும் அரபு எழுத்தில். தன்னை வென்றவனைப் பற்றித் தன் எழுத்தில், தன் யாப்பில், நிகழ்ந்த சூட்டோடு எழுதிய ஒரு சமூகத்தை எழுத்தறியாச் சமூகம் என்று சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! மொசாம்பிக்கின் வடகரையிலும் காங்கோவின் கிழக்கிலும் கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. பெண்கள் உடுத்தும் கங்கா துணியின் கரையில் அச்சிடும் வாசகங்கள்கூடத் தொடக்கத்தில் அரபு எழுத்தில்தான் இருந்தன. பிறர் கண்ணில் படட்டும் என்றுதான் அவை துணியில் ஏறுகின்றன. படிப்பவர் இல்லாத ஊரில் வணிகர் இப்படித் துணி அச்சிட மாட்டார்.

அப்படியானால் ஏன் போயிற்று? இதற்கு ஊகம் தேவையில்லை. செய்தவர்களே காரணத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். கிராப்ஃப் தன் 1850 இலக்கணத்திலேயே தான் ரோமன் எழுத்தை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று விளக்குகிறார். ஒலிக் குறைகளையும் சொல்கிறார்; அத்தோடு, அரபு எழுத்தை ஏற்றுக்கொண்டால் பின்னாளில் கிறித்தவத்துக்குக் கொண்டுவர வேண்டிய உள்நாட்டு மக்களிடையே இஸ்லாம் பரவுவதற்குப் பெருவாசல் திறந்துவிடும் என்ற அச்சத்தையும் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். 1905-இல் பெர்லினில் கூடிய குடியேற்ற மாநாட்டில் மொழியியலாளர் கார்ல் மைன்ஹோஃப், இஸ்லாமியச் செல்வாக்கைக் குறைக்க வேண்டுமானால் சுவாஹிலியை அரபு எழுத்திலிருந்து பிரிக்க வேண்டும், அரபுச் சொற்களையும் கூடியவரை களைய வேண்டும் என்று வாதிட்டார். அதே 1905-இல் ஜெர்மானிய ஆட்சியை எதிர்த்து மாஜி மாஜி எழுச்சி வெடித்தது. 1908-இல் மக்காவிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட அரபு எழுத்துக் கடிதம் ஒன்று தென்கரையில் கைமாறிக் கைமாறிப் பரவ, ஜெர்மானிய நிர்வாகம் கலங்கிப்போனது. தனக்குப் புரியாமல் தன் எல்லைக்குள் ஒரு கடிதம் ஊர் ஊராகப் போக முடிகிறது என்பதே ஆட்சியாளனுக்குப் பொறுக்கவில்லை. எழுத்தின் மேலிருந்த பகை இங்கிருந்து வந்தது. எகர இகரக் குழப்பத்தின்மேல் எந்த அரசும் இவ்வளவு அக்கறை காட்டுவதில்லை.

பிறகு நடந்தது எல்லாம் உத்தரவு. அரசுப் பள்ளிகளில் ரோமன். அரசு வேலைக்கு ரோமன். அரசு ஆதரவு பெற்ற இதழ்களில் ரோமன். 1928-இல் மொம்பாசாவில் கூடிய மாநாடு ஜான்சிபார் வழக்கைத் தர வழக்காக ஏற்றது. கென்யா, டாங்கனிக்கா, உகாண்டா, ஜான்சிபார் என்ற நான்கு ஆட்சிப்பகுதிகளுக்குமான சுவாஹிலி மொழிக் குழு 1930-இல் அமைந்தது. பாடநூல் எந்த எழுத்துக்கூட்டலில் வர வேண்டும் என்பதை அந்தக் குழு முடிவுசெய்தது. ஏட்டிலக்கியம் செழித்திருந்த லாமு வழக்கும் மொம்பாசா வழக்கும் வட்டார வழக்குகளாக ஓரம் கட்டப்பட்டன. குர்ஆன் ஓதும் பள்ளியில் எழுதக் கற்ற ஒருவர், கடிதம் எழுதக்கூடியவர், கணக்கு வைக்கக்கூடியவர், அரசு அலுவலகத்தின் வாசலில் நின்றபோது படிப்பறியாதவர் ஆனார். அவருடைய கையில் ஒன்றும் மாறவில்லை. அலுவலகத்தின் எழுத்து மாறிவிட்டது. போட்டியில் தோற்று விழுந்த எழுத்து என்று இதைச் சொல்வது நியாயமா?

இங்கே எதிர்த்தரப்பில் மதிக்கத்தக்க ஒரு குரல் எழும். அது ஐரோப்பியருடையது அன்று, ஆப்பிரிக்கர்களுடையது. அரபு எழுத்து அடிமை வணிகரின் எழுத்து, ஜான்சிபார் சுல்தானின் எழுத்து. அது போனால் போகட்டும் என்கிற குரல். இதன் பின்னாலுள்ள வலி உண்மை. ஜான்சிபாரின் அடிமைச் சந்தை 1873-இல்தான் மூடப்பட்டது. 1964 ஜனவரி 12-இல் அந்தத் தீவில் வெடித்த புரட்சிக்கு அந்த நினைவும் ஒரு காரணம். அடிமைப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கசப்போடு பேசுவதைத் திருத்த எனக்கு உரிமை இல்லை.

ஆனால் வரலாற்றில் அந்த எழுத்து யார் கையில் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1711-இல் கில்வாவில் கடிதம் எழுதியபோதும் 1728-இல் பாத்தேயில் காவியம் எழுதியபோதும் ஜான்சிபாரில் ஓமானியத் தலைநகர் இல்லை. ஓமானின் சையித் சயித் சுல்தான் தன் தலைமையிடத்தை அங்கே கொண்டுவந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். முவானா குப்போனாவின் கணவர் புவானா மத்தாக்கா, சியு நகரின் தலைவர். அந்தச் சுல்தானின் படையை எதிர்த்துப் போரிட்டவர். மொம்பாசாவின் முயாக்கா அதே சுல்தானுக்கு எதிராகத் தன் ஊரைத் தூண்டிப் பாடியவர். சுல்தானை எதிர்த்தவர்களும் தம் சொற்களை அதே எழுத்தில்தான் காத்தார்கள். எழுத்தின் பிறப்பு அரபு நாட்டில். அதற்கு மேல் அதை அரபியரின் உடைமை என்று சொல்ல முடியாது. ரோமன் எழுத்தும் அடிமைக் கப்பல் ஓட்டியவர்களின் எழுத்துதான். அட்லாண்டிக்கைக் கடந்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் அந்த எழுத்தில்தான் சரக்குப் பட்டியலில் ஏறினார்கள். அந்தக் காரணம் சொல்லி ரோமனை யாரும் தள்ளவில்லை.

மொழியே அரைகுறை அரபு என்ற பேச்சுக்கும் இங்கேயே விடை சொல்லிவிடலாம். அதற்கு அதிக இடம் தேவையில்லை. சுவாஹிலி, பாண்டு மொழிக்குடும்பத்தின் சபாக்கி கிளையைச் சேர்ந்தது; கரையோரத்தின் மிஜிக்கெண்டாவும் பொக்கோமோவும் கொமோரோ தீவுகளின் மொழியும் அதன் உடன்பிறப்புகள். டெரிக் நர்ஸும் தாமஸ் ஹின்னெபுஷும் 1993-இல் வெளியிட்ட விரிவான ஆய்வுக்குப் பிறகு இதில் ஐயத்துக்கு இடமில்லை. மதம், சட்டம், வணிகம், கடல் ஆகியவற்றில் அரபுச் சொற்கள் நிறைய உண்டு. ஆறு, ஏழு, ஒன்பது என்ற எண்கள்கூட அரபிலிருந்து வந்தவை. ஆனால் வந்த சொல் எல்லாம் பாண்டு இலக்கணத்துக்கு அடங்கியே இருக்கிறது. ‘கிதாபு’ உள்ளே வந்ததும் அதன் முதலசையையே பெயர் வகுப்பின் முன்னொட்டாக எடுத்துக்கொண்டு, பன்மையில் ‘விதாபு’ ஆக்கிவிட்டார்கள். பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் பாதிச் சொல்லுக்கு மேல் வாங்கிய ஆங்கிலத்தை யாரும் கலப்புப் பேச்சு என்று சொல்வதில்லை. கலப்பு என்ற சொல் ஏன் ஆப்பிரிக்க மொழிக்கு மட்டும் கிடைக்கிறது என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். கற்கோட்டையையும் மசூதியையும் காவியத்தையும் ஆப்பிரிக்கர்களே செய்திருப்பார்கள் என்று நம்ப மனம் வராதவர்கள்தான் அவற்றுக்கு வெளியே ஒரு தந்தையைத் தேடினார்கள். எழுத்தைப் பற்றிய பொய்யும் அங்கேதான் பிறந்தது. இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. ஷிஹாபுத்தீன் சிராக்தீனும் மத்தியாஸ் மன்யம்பாலாவும் 1977-இல் எழுதினார்கள்; அலமீன் மஸ்ரூயியும் இப்ராஹிம் நூர் ஷரீஃபும் 1994-இல் விரிவாக எழுதினார்கள். அவர்கள் எழுதிய பிறகும் பழைய வாக்கியம் புத்தகம் புத்தகமாகத் தொடர்வதுதான் என் கோபம்.

டான்சானியாவும் கென்யாவும் நாளை முதல் அரபு எழுத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஷாபான் ராபர்ட் முதல் இன்றைய எழுத்தாளர்கள்வரை ரோமனில் எழுதிய பெரும் இலக்கியம் இருக்கிறது. விடுதலைப் போராட்டத்தின் மொழியாகச் சுவாஹிலி நின்றதும் அந்த எழுத்தில்தான். நூறாண்டு வழக்கத்தைப் புரட்டிப் போடுவது இன்னொரு தலைமுறையை எழுத்தறியாதவராக்கும் வேலை. நான் கேட்பது வேறு. எழுத்து தன் குறையால் செத்தது என்று நம்புகிறவர்கள் அதன் ஏடுகளைத் தேட மாட்டார்கள். குறையுள்ள எழுத்தில் என்ன பெரிதாக எழுதியிருக்கப் போகிறார்கள் என்று தோன்றிவிடும். பொய்யின் உண்மையான விலை இதுதான். தார் எஸ் சலாம் பல்கலைக்கழக நூலகத்தில் ஆலன் திரட்டிய ஏடுகள் இருக்கின்றன. லண்டனின் கீழையியல் கல்லூரியில் டெய்லர், வில்லியம் ஹிச்சென்ஸ் போன்றோரின் தொகுப்புகள் இருக்கின்றன. ஹாம்பர்கில் தம்புக்கா காவியத்தின் படி இருக்கிறது. லாமுவிலும் பாத்தேயிலும் மொம்பாசாவிலும் குடும்பங்களின் பெட்டிகளில் இருப்பவற்றைக் கரையான் தின்றுகொண்டிருக்கிறது. தன் கொள்ளுப்பாட்டி எழுதிய பாட்டைப் பேத்தி ஓர் ஐரோப்பியரின் ரோமன் பெயர்ப்பில் படிக்க வேண்டியிருக்கிறது. அவர் எங்கே எகரத்தை இகரமாகப் படித்துப் பிழைசெய்தார் என்று சோதிக்க அவளுக்கு வழியில்லை.

சுவாஹிலி இலக்கியம் கற்பிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத் துறையிலும், ஆப்பிரிக்காவிலும் வெளியிலும், அந்த எழுத்தை வாசிக்கும் பயிற்சி கட்டாயப் பாடமாக வேண்டும். உயிர்க்குறி முறை தயாராக இருக்கிறது; கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் போதும். குடும்பங்களிடம் இருக்கும் ஏடுகளை அங்கேயே வைத்துப் படம் எடுத்து, படிகளை அந்தந்த ஊர் நூலகத்திலேயே கிடைக்கச் செய்ய வேண்டும்; தொலைதூர நகரம் ஒன்றுக்கு மறுபடி கொண்டுபோகக் கூடாது. கோவாவில் இருக்கும் கில்வாக் கடிதங்களை நல்ல பதிப்பாக வெளியிட இந்தியப் பல்கலைக்கழகங்கள் டான்சானிய அறிஞர்களை அழைக்க வேண்டும். அது நாம் செய்யக்கூடிய, செய்யவேண்டிய காரியம். பழைய ஏடுகளைத் தடையில்லாமல் வாசிக்கத் தெரிந்த முதியவர்கள் லாமுவிலும் மொம்பாசாவிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே மாணவர்களை அவர்களிடம் அனுப்புங்கள். அதற்கான பணத்தை இந்த ஆண்டே ஒதுக்குங்கள்.